கிளம்பிய படகைக் கூப்பிடாத குப்பம்

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, நண்டு தின்னப் போகிறவர்கள் உண்டு, டச்சுக்காரர் கல்லறையில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களும் உண்டு. போன மாசியில் ஒரு சனிக்கிழமை நான் போனது ஓர் ஆளைக் கையோடு கூட்டி வர. தேசிங்கு என்னோடு வேலை செய்கிறவன். திங்கட்கிழமை அவனுக்கு விசாரணை. வராவிட்டால் வேலை போவதோடு நிற்காது. வேலை நேரத்தில் செல்போன் பார்த்தவன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நெரிசலான ஒரு விமான நிலையம். நிற்குமிடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும்போது, இறக்கை நுனிக்கு ஒருவராக இரண்டு பேர் கூடவே நடப்போம். உள்ளே இருக்கும் விமானிக்குத் தன் இறக்கை நுனி தெரியாது. தள்ளுகிற வண்டிக்காரருக்கும் சரியாகத் தெரியாது. ஏதாவது குறுக்கிட்டால் கையிலுள்ள இரண்டு கோல்களையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகப் பிடிக்க வேண்டும். வண்டி நின்றுவிடும்.

வானத்தில் மோதினால் உலகமே பேசும். தரையில், ஆள் நடக்கிற வேகத்தில் மோதுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தச் சனிக்கிழமைக்குச் சில நாள் முன்பு எங்கள் விமானத்தின் இடது இறக்கை, ஓடுபாதைக்குப் போக ஊர்ந்து வந்து வரிசையில் நின்ற இன்னொரு விமானத்தின் வாலைக் கிழித்தது. இரண்டிலும் பயணிகள். ஒருவருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம். நான் வலது நுனியில் இருந்தேன். நடுவில் விமானத்தின் வயிறு மறைத்தது. இடது நுனியில் தேசிங்கு. அவன் கோலைத் தூக்கவே தாமதம் என்றார் வண்டிக்காரர். போன் பார்த்திருப்பான் என்று மற்றவர்கள் முடித்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் தன் மீனவக் குப்பத்துக்குப் போனவன் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

சென்ட்ரலில் காலை ஏழரைக்குக் கும்மிடிப்பூண்டி மின்ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பேருந்து, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் நெல் வயல். ஜன்னலோரம் கிடைத்தும் மனம் அதில் ஒட்டவில்லை.

குப்பத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ நிறைகிற வரை டச்சுக் கல்லறையைப் பார்த்து வந்தேன். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் எலும்புக்கூடு, கல்லில் செதுக்கியது. எங்களைப் போலவே இந்த நுனிக்கு ஒன்று, அந்த நுனிக்கு ஒன்று. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கடல் கடந்து வந்து இங்கேயே மண்ணானவர்களின் கற்களுக்கு நடுவில், அன்றைக்கு இரண்டு விமானத்திலும் இருந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

பாலம் தாண்டிக் கடலோரக் குப்பத்துக்கு முப்பது ரூபாய். தேசிங்கு கரையில் இருந்தான். அவனுடைய நைனா படகில் ஏறி நிற்க, நாலைந்து பேர் அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படகு மிதந்த பிறகுதான் கவனித்தேன், சோற்றுத் தூக்கு மணலிலேயே கிடந்தது. கூப்பிட வாயெடுத்தேன். தேசிங்கு என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வோணா ணா. கெளம்புன படக பின்னால இருந்து கூப்புடக் கூடாது."

யாரும் கத்தவில்லை. அவன் அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அலையோடு மல்லுக்கட்டி, படகைச் சுற்றிப் போய் அதன் முன்னால் நின்றார். நைனா குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் திரும்பி தேசிங்கின் முகத்தைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்தான்.

"அன்னிக்கு அந்த வால் எனக்கு நல்லாவே தெரிஞ்சிச்சு ணா. போனெல்லாம் இல்ல. கை மேல வரல. ஒரு மூச்சு நேரம். கெளம்பினத தடுக்கக் கூடாதுன்னு பொறந்ததுலேந்து கேட்ட ஒடம்பு."

"இதுக்கு முன்னாடி நிறுத்தினதே இல்லையா?"

"நிறுத்த வேண்டி வந்ததே இல்லியே. அதான் மொத தடவ."

"இதையே அங்க வந்து சொல்லுடா."

"சிரிப்பாங்க. போன் பாத்தான்னே எழுதிக்கட்டும். நம்ம சொல்லி வளத்ததால புள்ள வேல போச்சுன்னு அம்மாக்குத் தெரிஞ்சா, அது சோறு துன்னுமா?"

அம்மா கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, அந்தப் பழக்கத்தின் மேலா என்று தெரியவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ நிற்குமிடத்துக்கு வந்தேன்.

ஆட்டோவில் ஆள் சேர நேரமானது. அதற்குள் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். குடிநீர் எடுத்துப் போங்கள். கல்லறை பூட்டியிருந்தால் சுவர் ஏறாமல் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். படகு ஏறுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். புறப்பட்ட பிறகு கை தட்டிக் கூப்பிடாதீர்கள். கரைக்கு ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லாத தொழிலில், அவர்களுக்கென்று இருக்கும் தைரியம் அது. அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. ஆனால் ஒரு நல்ல பையன் அதற்குள் மாட்டிக்கொண்டான்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து "ணா..." என்று ஈனக் குரலில் ஏதோ கேட்டது போலிருந்தது. இன்ஜின் சத்தத்தில் நிச்சயமாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தேசிங்கு மணலில் ஓடி வந்துகொண்டிருந்தான், தோளில் பை. அவனுக்குப் பின்னால் ஈரப் புடவையோடு அவன் அம்மா; நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்னாடா முணுமுணுக்கிற? சத்தமா கூப்புடு!" என்று அந்த அம்மா கத்தினார். "நான் சொல்றேன், கூப்புடுடா!"

"அண்ணே, நில்லு!"

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோ நின்றது.