அலமாரிக்குள் பத்திரமாக இருந்த திரை

எங்கள் அத்தான் பதினோரு வருடமாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளர். இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு கீறல் விழாமல் அவர் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான்: வெல்டிங் மறைப்புத் திரை.

நாங்கள் வேலை பார்ப்பது இரும்புத் தொட்டி செய்யும் ஒரு பட்டறையில். நான் அங்கே வெல்டர். என் அக்கா, அதாவது அவர் மனைவி, அதே கூடத்தின் மறுகோடியில் போல்ட்டுகளின் மரையைச் சரிபார்ப்பவள். வெல்டிங் வெளிச்சம் வேலை செய்பவனை மட்டும் சுடாது. முகமூடி இல்லாமல் பக்கத்தில் சும்மா இருப்பவர் கண்ணையும் பதம் பார்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் அடர்சிவப்பில் ஆறு திரைகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அத்தான் அவற்றை மடித்து, உறை போட்டு, அந்துருண்டையும் வைத்து அலமாரியில் பூட்டிவிட்டார். ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் அவை வெளியே வரும். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் உள்ளே போகும். “பொறி பட்டா ஓட்டையாயிடும்பா” என்பார். பொறி படுவதற்கென்றே செய்த சாமான் அது.

திரைக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டு அலைவது மஞ்சள் டேப். தரையில் கோடு ஒட்டுவார். சரக்கு வண்டி அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை, ஆகவே வெளிச்சமும் தாண்டாது என்பது அவர் கணக்கு. மேலிடத்தை ஏமாற்ற நடிக்கிறார் என்றால்கூட ஒரு மரியாதை வந்திருக்கும். மனிதர் உண்மையிலேயே நம்பினார். வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்பைச் சுற்றி ஒரு கோடு, குளியலறை வாசலில் ஒரு கோடு. ஒழுகுகிற குழாயை மாற்றுங்கள் என்று அக்கா சொன்னால், அதற்குக் கீழேயும் ஒரு கோடு ஒட்டிவிட்டுக் கை கழுவிக்கொள்வார்.

இந்த வருடம் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இடம் காலியானது. தனி அறை, நல்ல நாற்காலி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத வேலை. அக்கா ஒன்பது வருடமாக அந்த நாற்காலி மேல்தான் கண்ணாக இருந்தாள். மயிரிழை அளவுகளைப் படிக்கிற வேலை என்பதால் கண் பரிசோதனையில் தேற வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் பட்டறைக்கே வருவார், அன்றைக்கே முடிவு என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அவசரத் தொட்டி ஒன்று வந்தது. என் மூலையில் இடமில்லை என்று அக்காவின் மேஜையிலிருந்து பத்தடியில் இறக்கிவிட்டார்கள். நான் அத்தானிடம் போனேன்.

“அத்தான், அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்கா. நாளைக்கு அவளுக்குக் கண் டெஸ்ட்டு. திரையைக் குடுங்க.”

“திங்கக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க மச்சான். இப்பப் போய் அதை அழுக்காக்கணுமா? கோடு ஒட்டித் தர்றேன்.”

“கோட்டை வெச்சு நான் என்ன பண்றது?”

“அவளைத் திரும்பி உக்காரச் சொல்லு. முதுகுலயா கண்ணு இருக்கு?”

வந்தார். முட்டி போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, வளையாமல் கோடு ஒட்டினார். அக்காவின் நாற்காலியைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டார். இப்போது அவள் முகத்துக்கு நேரே, மெருகு போட்ட எஃகுத் தகடுகள் சுவரில் சாத்தியிருந்தன. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் முதல்முறை பற்ற வைத்ததுமே வெளிச்சம் தகட்டில் பட்டு அவள் முகத்தில் அடித்தது. சாயங்காலம் தொட்டி லாரி ஏற வேண்டும். முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஆறு மணிக்கு, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் காலை இமைகள் வீங்கி, தண்ணீராகக் கொட்டியது. கன்னமெல்லாம் சிவந்திருந்தது. பாதுகாப்பு மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, “நேத்து வெங்காயம் நறுக்கினியா?” என்று கேட்டார்.

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பலகையில் இரண்டாவது வரியைக்கூட அவளால் படிக்க முடியவில்லை.

“எதனால இப்படி ஆச்சு?” என்றார் டாக்டர்.

“தூசி டாக்டர். வீடு பெருக்கும்போது விழுந்திருக்கும்” என்று அத்தான் முந்திக்கொண்டார். பட்டறையில் நடந்தது என்று பதிவானால் திங்கட்கிழமை அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டினவள் பக்கத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, நாக்கூசாமல் சொன்னார். அவரை அத்தான் என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“தூசி இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. “வெல்டிங் வெளிச்சம். அப்படியே எழுதுங்க.”

டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் கண் சரியாகிவிடும், ஆனால் இன்றைக்குத் தேறியதாக எழுத முடியாது என்றார். வரிசையில் அடுத்திருந்த பெண்ணை மதியமே அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கண்ணில் ஈரத்துணியோடு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் நான் அத்தானைக் கிழி கிழி என்று கிழித்தேன். டேப்பு என்றேன், மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்றேன், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்றேன். அவள் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குக் கல்யாணமான வாரமே தெரியும்டா” என்றாள். “உனக்குத் தெரியுமே.”

“லாரி வந்து நிக்குது, நான் என்னக்கா...”

“முதல் வெளிச்சம் அடிச்சதும் நீ நிறுத்திட்டு என்னைப் பாத்த. தகட்டுல தெரிஞ்சுது. சரி, தம்பி ஏதாவது சொல்லப் போறான்னு இருந்தேன். நீ முகமூடியை இறக்கிட்ட.”

என் தோளிலிருந்து கையை எடுத்தாள். சுவரைத் தடவிக்கொண்டே தனியாக நடந்தாள்.