இடுக்கில்லாத வீடு

என் கணவர் ஓய்வுபெற்றதும், கொடைக்கானலில் பிள்ளைகளை வளர்த்த ஓட்டு வீட்டை விட்டு அதே ஊரில் ஒற்றை அறை ஃபிளாட்டுக்கு மாறினோம். சாமான்களைக் கழித்துக்கட்டுவதற்குள் உடம்பு ஓய்ந்துவிட்டது. கரி போட்டுக் குளிர்காயும் இரும்புச் சட்டியை மட்டும் நான் விடவில்லை.

முதல் நாள் மாலையே மழை. வழக்கம்போலக் கரியை மூட்டி, ஜன்னல்களை அடைத்துவிட்டுச் சற்று நேரம் படுத்தோம். தலை கனத்தது. சாமான் தூக்கிய அசதி என்று நினைத்தேன். எதிர்வீட்டுப் பெண் டீ கொண்டுவந்து கதவைத் தட்டியபோது எழ முடியவில்லை, தவழ்ந்துபோய்த் திறந்தேன்.

"என்னம்மா இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க! ஐயா மயங்கிக் கெடக்காருங்க, வெரசா வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே அவரை வராந்தாவுக்கு இழுத்துவந்தாள். வெளிக்காற்று பட்ட பிறகுதான் அவர் கண் திறந்தார். வெளியேற வழியில்லாமல் தேங்கிய கரிப்புகை நஞ்சு என்றார் டாக்டர்.

பழைய வீட்டில், ஓட்டு இடுக்கில் குளிர் இறங்குகிறது, அடைத்துத் தொலையுங்கள் என்று காலமெல்லாம் இவரைத் திட்டியிருக்கிறேன். நல்லவேளை, இவர் அடைக்கவே இல்லை.

சட்டியை மொட்டைமாடியில் கவிழ்த்துவிட்டேன். இப்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, ஸ்வெட்டரோடு படுக்கிறோம். குளிரத்தான் செய்கிறது. குளிர்வது தெரிகிறவரைக்கும் சரி.