தவிட்டக்காவின் பென்சில்

கேனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அளவுக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வக அக்கா என் பக்கம் திரும்பினார். "பதினேழு தம்பி, நேத்து தண்ணியே குடிக்கலையா? கஷாயம் மாதிரி இருக்கு!" எனக்குப் பின்னால் ஏழு பேர், ஏழு கேன்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து அவரவர் முறை வருமே!

முழுக்கோதுமை ரொட்டியில் இருக்கும் தவிட்டுச் சத்துகளை நம் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தோம். நான் எங்கே கொடுத்தேன், என் தொப்பைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று என் மனைவி கொடுத்தாள். பன்னிரண்டு வாரம், தினமும் அவர்கள் தரும் ரொட்டியில் ஆறு துண்டு. திங்கள்தோறும், முந்தின நாள் முழுவதற்குமான சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைக் காய்கறிப் பைக்குள் ஒளித்துப் பேருந்தில் ஏறுவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரர், "எண்ணெய் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் வெறும் எண்ணைச் சொல்ல அக்காவுக்கு வாய் வராது. பதினேழு தம்பி, இருபத்திரண்டு பாப்பா, முப்பத்தொண்ணு அண்ணே என்று நாற்பது எண்களுக்கும் உறவு கட்டி வைத்திருந்தார். பதிலுக்கு நாங்கள் அவருக்குத் தவிட்டக்கா என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கும் போயிருந்தது. "வெச்சா வெச்சுட்டுப் போறாங்க. மாவுல இல்லாத சத்து தவிட்டுல இருக்கு" என்றாராம்.

ஐம்பதைத் தாண்டியவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி இருக்கும், தேடுவதோ மூன்றாவதை. கையுறையைக் கழற்றும்போதெல்லாம் விரல் விரலாக எண்ணிக் கழற்றுவார். சாயங்காலம் நாலு மணிக்கு ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளை மாவு பன்னை ஜாம் தடவி ரசித்துச் சாப்பிடுவார். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "எனக்கு யாரும் கேன் குடுக்கலையே தம்பி" என்று விரலில் ஒட்டிய ஜாமையும் நக்கிக்கொண்டார்.

அவருடைய பதிவேட்டில் ஆளுக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எத்தனை துண்டு சாப்பிட்டோம் என்று நாங்கள் சொல்வதை எழுதுவார், பென்சிலால். இரண்டாவதில் ஒரு வாரம் கழித்துக் கேனின் சோதனை முடிவை எழுதுவார், பேனாவால். எல்லாவற்றையும் பேனாவாலேயே எழுதினால் என்ன என்று இருபத்திரண்டு பாப்பா கேட்டதற்கு, "வாய் சொல்றது பென்சிலுக்கே அதிகம்" என்றார்.

கேன்மேல் ஏன் அத்தனை நம்பிக்கை என்று எனக்கும் ஒருநாள் வகுப்பு நடந்தது. "தவிட்டுல ஒரு சரக்கு இருக்கு தம்பி. அது உள்ளே போனாலும் சும்மா வேலைக்கு ஆகாது. குடல்ல குடியிருக்கே கிருமிங்க, அதுங்க அதைப் பிரிச்சு வேற ஒண்ணா மாத்தணும். அப்புறம் அது ரத்தத்துல ஏறணும். கல்லீரல் அதுமேல முத்திரை குத்தி அனுப்பணும். அப்புறம்தான் கேனுக்கு வரும். இத்தனை ஆபீஸ் தாண்டி வர்ற கடுதாசி பொய் சொல்லுமா?"

சொல்லவில்லை. நான்காவது வாரம் ஒரு நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கி, வெள்ளை ரொட்டியும் கேக்குமாக வெளுத்துக்கட்டிவிட்டு, "ஆறு துண்டு" என்று கூசாமல் சொல்லியிருந்தேன். அடுத்த திங்கள் அக்கா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பென்சில் கட்டத்தில் ஆறு. பேனா கட்டத்தில் பாதாளம். "ரொட்டி எங்கே போச்சு?" பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டதை ஒப்புக்கொண்டேன். "அப்ப அடுத்த வாரம் நாயைக் கூட்டிட்டு வாங்க. கேன் அதுக்குத்தான் குடுக்கணும்." வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து நான் ஆறு துண்டையும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

முப்பத்தொண்ணு அண்ணன் கதை வேறு. அவர் தையல்காரர், வயது அறுபத்தாறு. காலி ரொட்டி உறைகளைச் சட்டை மடிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, நூலால் கட்டிக் கொண்டுவருவார். அவருடைய கேனில்தான் மூன்று வாரமாக ஒன்றுமே இல்லை. அக்கா விடுவாரா? "அண்ணே, ரொட்டியை எந்தச் சட்டைப் பையில வெச்சுத் தெச்சீங்க?" என்று வாராவாரம் வாரினார். நானும் சேர்ந்து சிரித்தேன். கெட்டுப்போனவனுக்குத் துணை கிடைத்த சந்தோஷம்.

ஏழாவது திங்கள் பெரிய டாக்டரே வந்து நின்றார். கையில் கடிதம். "உணவு விதியைப் பின்பற்றாததால் விலக்கப்படுகிறீர்கள்" என்று எழுதி, வீட்டு விலாசம் போட்டு, உறையில் இட்டாகிவிட்டது. "ரொட்டி உறை காலியா இருக்கிறது சாப்பிட்டதுக்குச் சாட்சி இல்லைங்க" என்றார் டாக்டர்.

தையல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் மருமக அஞ்சு மணிக்கு எழுந்து, அதை வாட்டிக் கட்டிக் குடுக்குறா டாக்டர். கடையில தனியா உக்காந்து சாப்பிடுறேன். சாட்சிக்குத் தையல் மெஷினைத்தான் கூப்பிடணும். இந்தக் கடுதாசியை அவதான் பிரிப்பா. இத்தனை நாளும் தூரப் போட்டுட்டு நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லியிருக்கேன்னு நெனைப்பாளே. நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அண்ணே, கீழ் வரிசையில ஒரு பல் இருந்துச்சே?"

"பிடுங்கியாச்சு. நாலஞ்சு வாரம் ஆச்சு."

"மாத்திரை குடுத்தாங்களா?"

"சீழ் வெச்சிருந்துச்சு. பத்து நாள் சாப்பிட்டேன்."

"நான் வாராவாரம் கேட்டேனே அண்ணே, சொல்லலையே!"

"வயித்துக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களான்னுதானம்மா கேட்டீங்க? இது பல்லுக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவர் கையுறையை விரல் எண்ணாமல் கழற்றியதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். "பல்லுக்குன்னு குடுத்த மருந்து பல்லோட நிக்குமா டாக்டர்? குடல் கிருமியையும் சேர்த்துத்தானே அடிச்சிருக்கும்? பிரிக்க ஆளே இல்லாத ஆபீஸ்ல கடுதாசி எப்படி நகரும்? ஒரு வாரம் பொறுங்க" என்று சொல்லி, அந்தக் கடித உறையை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

தவிட்டில் இன்னொரு சரக்கும் உண்டாம். அதற்குக் கிருமிகளின் தயவு வேண்டாம். நேராக உள்ளே போய், கல்லீரலில் உடைந்து, கேனுக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சோதனை செலவும் வேலையும் பிடித்தது. ஆராய்ச்சி முடிந்தபின் எல்லோருக்கும் சேர்த்துச் செய்வதாக ஏற்பாடு. அக்கா டாக்டரை நச்சரித்து அனுமதி வாங்கி, சனிக்கிழமை விடுமுறையை விட்டுவிட்டு வந்து, குளிர்பெட்டியில் இருந்த தையல்காரரின் மூன்று வார மாதிரிகளையும் எடுத்துத் தனியாகச் செய்தார். அன்று நாலு மணி பன்னைக்கூட மறந்துவிட்டாராம். காவலாளிதான் அதை அதிசயமாகச் சொன்னார்.

அடுத்த திங்கள் தையல்காரர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். கையில் கேன், நூல் கட்டிய உறைகள். அக்கா அவரை முன்னால் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"அண்ணே, நீங்க ஒரு துண்டுகூட விடலை. மூணு வாரமும் கணக்கா இருக்கு. டாக்டரும் பாத்துட்டார். தப்பு உங்க மேல இல்ல, என் கேள்வி மேல."

"அப்ப அந்தக் கடுதாசி?"

"போகாது. மருமககிட்ட சொல்லுங்க, அவங்க கட்டிக் குடுத்தது வீணாகலைன்னு."

தையல்காரர் உறைக்கட்டை மேசையின் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வைத்தார். வாரிய வாரமெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சரி, நேத்து எத்தனை துண்டு?" என்று பதிவேட்டைத் திறந்தார் அக்கா.

"ஆறும்மா."

பழக்கத்தில் பென்சிலை எடுத்தவர் அதைக் கீழே வைத்தார். பேனாவைத் திறந்து, முதல் கட்டத்திலேயே அழுத்தி ஆறு என்று எழுதினார். கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை.

என் முறை வந்தது. "பதினேழு தம்பி, எத்தனை?"

"ஆறுக்கா" என்றேன். சத்தியமாக ஆறுதான்.

அக்கா பேனாவை மூடினார். பென்சிலை எடுத்து, முனை கூராக இருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.