மடிப்புக்குள் என் வரி

விசிறிபோல மடித்த காகிதக் கற்றை ஒன்று என் டிபன் பையிலேயே கிடக்கிறது. என் அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா கடைசி நாளில், "வெச்சிக்கோபா" என்று திணித்தது. பெங்களூருக்கு இருவரும் ஒரே ரயில். சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ஏறும் நான் அந்தப் பையைப் போட்டு இடம் பிடிப்பேன். அவர் பிறகு வரும் கோரமண்டல் நிலையத்தில் ஏறி, உட்கார்ந்ததும் தாள்களை மடிப்பார்.

எங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடிக்கடி ஓடும் பகுதிகளை ஒரு கம்பைலர் வேகமான வடிவத்துக்கு மாற்றும். இங்கே எண்தான் வரும் என்று ஊகித்துச் செய்யும். ஊகம் பொய்த்தால் பழைய ஆமை நடைக்குத் திரும்பும். அத்தனையையும் ட்ரேஸ் என்ற பதிவாக, ஆயிரக்கணக்கான வரிகளாகக் கொட்டும். அதை அச்சிட்டு, ஊகம் பொய்த்த வரிகள் மட்டும் தெரியும்படி அக்கா மற்றதை மடித்துவிடுவார். "இன்னாக்கா, கொசுவம் வெக்கிறீங்களா?" என்று கிண்டலடிப்பேன். பிறகு அதையே நாங்கள் நிரல் எழுதும் எடிட்டருக்குள் கருவியாக்கினார். பொத்தானை அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு வரிகள் மிஞ்சும், எழுதியவர் பெயரோடு.

ஒருமுறை நிரல் நொண்டியது. எதையும் பார்க்காமல் கூட்டத்தில், "அக்கா பகுதியாத்தான் இருக்கும்" என்றேன். அவரை வேலையிலிருந்து நீக்குவதாகப் பேச்சு எழுந்தது. மறுநாள் ரயிலில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். எண் வரவேண்டிய இடத்தில் வெறுமையை அனுப்பும் வரி. ஓரத்தில் என் பெயர்.

"எப்பவும் சிரிச்சினே இருப்பியே, இப்ப சிரி."

"நானே சொல்லிடறேங்க்கா."

"நீதான் சொல்லணும். நான் சொன்னா தப்பிச்சுக்கப் பாக்குறான்னுவாங்க."

சொன்னேன், என் பாணியில். "குற்றவாளி நான்தான் சார். தூக்குல போடுங்க, ஆனா பிரியாணிக்கு அப்புறம்." அறையே சிரித்தது. "விளையாட்டு போதும்பா" என்று மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் வாயைத் திறந்தால் வேடிக்கைதான் என்பது அவர்கள் ஊகம். அதை உடைக்க, சிரிக்காமல் இன்னொரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

மாலை ரயிலில் அக்கா கேட்டார்: "சொல்லிட்டியாபா?"

"சொல்லிட்டேங்க்கா. எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் தாள்களை மடிக்கத் தொடங்கினார்.

அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். நான் சத்தமில்லாமல் என் வரியைத் திருத்தினேன். நிரல் பறந்தது, அக்கா போனதால்தான் என்றார்கள். அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன்.

இன்று அலுவலகமே அவர் கருவியால் பிழைக்கிறது. எனக்குச் சிரிக்கவைக்கவே அலுப்பாக இருக்கிறது. கோரமண்டல் வரை பக்கத்து இருக்கையில் பையை வைக்கிறேன், யாராவது, "ஆள் வராங்களா?" என்றால் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே காகிதம் நொறுங்குகிறது. கடைசி மடிப்பில் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். ஓரத்தில் இருந்த என் பெயரை மட்டும் அடித்து மறைத்திருக்கிறார், யார் பார்த்தாலும் தெரியாதபடி.