இரண்டு ஹாரன் அடித்தால் திரும்பக் கூடாது

மொஹ்சினிடமிருந்து டிரெய்லர் சாவியை அலி அக்பர் பிடுங்கிக்கொண்டார் என்று தண்டையார்பேட்டையில் சிலர் சொல்வார்கள். அது அநியாயம். அலி அக்பர் கேட்டார், மொஹ்சின் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி இஷ்ரத்திடம்கூடச் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் கண்டெய்னர் இழுத்த மனுஷன். சாவி இல்லாத சட்டைப்பை அவருக்குக் கனத்தது.

நடந்தது இதுதான். மார்ச் மாத வெயிலில் எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டிகள் துறைமுகக் கேட்டை நோக்கி வரிசை கட்டி நின்றன. மொஹ்சின் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பாட்டை மறந்துவிட்டார். ஸ்டியரிங்கின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்த வரிசை நகராமல் இருந்ததற்காக அன்றைக்கு ஒருத்தராவது அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

"ஓடிக்கினு கீற வண்டியில இப்டி ஆயிருந்தா?" என்றார் அலி அக்பர். ஒன்பது டிரெய்லருக்கு முதலாளி. அவரும் ஒரு காலத்தில் டிரைவர்தான், அதனால் அவருக்குப் பயம் அதிகம். மொஹ்சினை வேலையை விட்டு அனுப்பவில்லை. வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் தன் வண்டிகளுக்குக் கேட் பாஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் போட்டார்.

பாஸில் ஏதாவது கோளாறு என்றால் டிரைவர் இரண்டு நீள ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் மொஹ்சின் இடுப்பில் செருகிய காகிதக் கட்டோடு அந்த வண்டிக்கு ஓட வேண்டும். கேட் நெருங்கிய பிறகு காகிதம் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்கப் போச்சு. முதல் மாதம் அவர் நடந்தார், மூச்சு வாங்கியது, டிரைவர்கள் திட்டினார்கள். இரண்டாம் மாதம் வேகமாக நடந்தார். மூன்றாம் மாதம் ஓடினார். தொப்பை தானாகவே விடைபெற்றுக்கொண்டது. ஆறாவது மாதம் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மொஹ்சின் அந்தக் காகிதத்தை நேராக முதலாளியிடம் கொண்டுபோனார். காகிதத்தை நம்பாத ஒரே முதலாளி துறைமுகத்தில் அலி அக்பர்தான்.

"பேப்பர் இன்னா வேணா சொல்லும், மொஹ்சினு," என்று டீக்கடை வாசலில் இழுத்தார். பிறகு பேச்சை முடிக்க எதிரே தொங்கிய பேனரைக் காட்டினார். காசிமேட்டிலிருந்து கத்திவாக்கம் போய்த் திரும்புகிற இருபத்தியோரு கிலோமீட்டர் ஓட்டம், மூன்று மணி நேரக் கெடு. "அத்த ஓடி முடி. அப்பால வந்து சாவி கேளு."

அவர் சும்மா சொன்னார். மொஹ்சின் டீயைக் கீழே வைத்துவிட்டு, "பேச்சு மாற மாட்டீங்களே, அலி பாய்?" என்றார். கடையில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அலி அக்பருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

"வூட்ல அரிசி மூட்டய நவுத்தச் சொன்னா முட்டி வலிக்குதும்பீங்க. இருபத்தியோரு கிலோமீட்டரா?" என்று இஷ்ரத் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுநாளே எம்.சி. ரோட்டுக்கு அழைத்துப்போய் ஷூ வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரன் எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள் என்று கேட்டபோது மொஹ்சினுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு டிரெய்லர் கணக்குதான். ஒட்டி நிற்கிற வண்டியில் அறுபதைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டர். "ஒரு நாளிக்கு எழுநூறு வண்டி தாண்டுவேன்" என்றார். கடைக்காரன் இவரை ஏற இறங்கப் பார்த்தான்.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பஜ்ர் தொழுகை முடித்து மொஹ்சின் காசிமேட்டுக்கு வந்தபோது, கூட்டம் காலை முன்னும் பின்னும் வீசி, இடுப்பை வளைத்து, தரையில் உட்கார்ந்து எழுந்து கொண்டிருந்தது. இவர் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். ஓடப் போகிறவர்கள் ஓடுவதற்கு முன்பே இப்படிக் களைத்துப்போனால் எப்படி என்று அவருக்குக் கவலையாக இருந்தது. டிராக் பேண்ட் பையில் இஷ்ரத் கொடுத்த பேரீச்சம்பழம் இருந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விசில் ஊதியதும் எல்லோரும் பறந்தார்கள். மொஹ்சின் பறக்கவில்லை. கேட் பாஸ் கொண்டுபோகிற அதே ஓட்டம்தான், கூடவும் இல்லை குறைவும் இல்லை. கடல் காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று ஒவ்வொன்றாக வந்தது. பறந்தவர்களில் பாதிப் பேரைக் கத்திவாக்கம் திருப்பத்துக்குள் இவர் நடந்துகொண்டிருப்பவர்களாகப் பார்த்துவிட்டார். சந்தோஷமாக இருந்தது. மனசாரச் சொன்னால், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும்போது சாலையின் மறுபாதியில் வழக்கமான வரிசை கேட்டைப் பார்த்து நின்றது. ஓட்டத்துக்காக அன்று வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பதினாறாவது கிலோமீட்டர் பலகையில் மணி பார்த்தார். கெடுவுக்குள் இரண்டு நிமிடம் கையிருப்பு. இதே வேகத்தில் போனால் சாவி கைக்கு வரும்.

அலி அக்பரின் ஏழாம் நம்பர் வண்டியில் உட்கார்ந்திருந்த வல்லரசு அப்போதுதான் டிபனை முடித்து நிமிர்ந்தான். இருநூறு மீட்டர் முன்னால் மொஹ்சின் பாயின் முதுகு போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பாவி, இரண்டு நீள ஹாரன் அடித்தான்.

மொஹ்சினின் கால்கள் அவரைக் கேட்கவில்லை. அப்படியே திரும்பின. எதிரே வந்தவர்களை விலக்கிக்கொண்டு, இதுவரை ஓடாத வேகத்தில், இடுப்பில் இல்லாத காகிதத்தைத் தேடியபடி வந்த வழியே ஓடினார். வண்டிக்குக் கீழே வந்து நின்று, "பாஸ்ல இன்னாடா கோளாறு?" என்றார்.

வல்லரசு தலையில் கை வைத்துக்கொண்டான். "யோவ் பாய்! கைதட்டுற மாரி அடிச்சேன்யா! இன்னாத்துக்குத் திரும்பி வந்த? ஓடு, ஓடு!"

மொஹ்சினுக்கு அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. கையிருப்பு போய், மேலும் ஒரு நிமிடக் கடன். ஓடினார். ஆனால் வல்லரசு ஆரம்பித்துவைத்ததை வரிசை விடுமா? மொஹ்சின் பாய் ஓடுகிறார் என்ற சேதி வண்டிக்கு வண்டி தாவ, பின்னால் ஒவ்வொருத்தனும் இரண்டு இரண்டாக அமுக்கினான். ஒவ்வொரு சத்தத்துக்கும் பாயின் இடது கால் திரும்பப் பார்த்தது. இரண்டு முறை திரும்பியேவிட்டார். கடைசியில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். அவருடைய போட்டோ எல்லாமே அப்படித்தான் விழுந்திருக்கிறது.

வல்லரசு வண்டியிலிருந்து குதித்து போனை எடுத்தான். டிரைவர்கள் குரூப்பில் தொண்டை கிழியக் கத்தி அனுப்பினான்: "எவனும் ஹாரன் அடிக்காதீங்கடா! அடிச்சா பாய் திரும்பிடுவாரு! வாய மூடிக்கினு கையத் தட்டுங்க!"

எண்ணூர் சாலை அதன் பிறகு அடங்கியது. அந்தச் சாலையில் ஹாரன் இல்லாத நேரம் என்று ஒன்று உண்டென்று அதுவரை யாருக்கும் தெரியாது. மொஹ்சின் காதிலிருந்து கையை எடுத்தார். வரிசை நெடுக டிரைவர்கள் இறங்கி நின்று கைதட்டினார்கள். சிலர் வண்டிக் கதவைத் தட்டினார்கள், ஒருவன் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினான். "வுடாத பாய்!" "இன்னும் முப்பது வண்டிதான் பாய்!" முன்பு தாமதமானால் இவரைத் திட்டித் தீர்த்த அதே வாய்கள். மொஹ்சினுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சு எரிந்தது, தொடை கல்லாகிவிட்டது, ஆனாலும் கால் ஒரே திசையில் போனது.

காசிமேட்டில் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது கெடுவுக்கு நாற்பது வினாடி பாக்கி இருந்தது. இஷ்ரத் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், கையில் காலிப் பையோடு, அலி அக்பர் நின்றார்.

"மீன் வாங்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

மொஹ்சின் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார்.

அலி அக்பர் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பயந்துட்டேன்டா நானு. அன்னிக்கு உன்ன வண்டிலேர்ந்து எறக்கசொல்லோ உன் கை ஐஸு மாரி இருந்துச்சு. நாளிக்கு யார்டுக்கு வா."

மறுநாள் காலை யார்டில் சாவி கைக்கு வந்தது. மொஹ்சின் பிஸ்மில்லா சொல்லிப் படியில் கால் வைக்கப் போனார். கால் வரவில்லை. டிரெய்லருக்கு மூன்று படி, ஒன்றுக்குக்கூட முட்டி மடங்க மறுத்தது. இந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தார், அந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தார். இருபத்தியோரு கிலோமீட்டர் ஓடி வென்ற வண்டியில் ஏற முடியவில்லை.

"மொதலாளி பாக்கப்போறாரு, சீக்கிரம்!" என்று வல்லரசு கீழே குனிந்து தோள் கொடுத்தான். இன்னும் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அலி அக்பர் அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வானத்தில் மழை வருமா என்று வெகு அக்கறையாக ஆராய்ந்தார்.

ஒரு வழியாக இருக்கையில் விழுந்ததும் மொஹ்சின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இஷ்ரத் கட்டிக் கொடுத்திருந்த டிபனை முதல் வேலையாகச் சாப்பிட்டு முடித்தார். வண்டியைக் கிளப்பிக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். அன்றைக்கு வரிசை நாலு மணி நேரம் ஒரு அடிகூட நகரவில்லை. மொஹ்சினுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.