நான் அழிக்காத வீடியோ

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓடைப்பட்டியில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். அறுவடைக்கு முந்திய வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. பிஞ்சுப் பருவத்தில் எப்போதோ எடுத்தது. ஒரு பெண் திராட்சைப் பிஞ்சுக் கொத்துகளை மருந்தில் நனைக்கிறார். ‘விஷத்தில் முக்கும் செல்வி தோட்டம்’ என்று எழுதியிருந்தார்கள். காய் பருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான் அது; விஷமில்லை. எனக்கும் தெரியும்.

வீடியோவில் இருந்த செல்வியே போன் செய்தார். “அதை அழிச்சுவிடுங்க சார்.”

“அவுக கருத்தை அவுக சொல்றாக. அழிச்சா நியாயமில்லம்மா. நீ பதில் போடு.”

“எனக்கு எழுதத் தெரியாதே சார்.”

நான் அசையவில்லை. நான்காம் நாள் செல்வியின் தோட்டத்துக்குப் போனேன். வீடியோவைப் பார்த்த வியாபாரி லாரி அனுப்பவில்லை. பழுத்த கொத்துகளை வெட்டி ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார் செல்வி.

“விஷமுன்னு போட்டாகளே, ஆடு ஒண்ணும் சாகலையே சார்.”

அங்கேயே வீடியோவை அழித்தேன். உண்மையை என் பெயரில் எழுதினேன். லாரி வரவில்லை.

இப்போதும் குழுவில் யார் கருத்தையும் நான் அழிப்பதில்லை. ஆனால் ஒருவர்மேல் பழி சொல்லும் பதிவு வந்தால், அதை உடனே எடுத்துவிட்டு, பழிக்கு ஆளானவருக்குப் போன் செய்கிறேன். எழுதத் தெரியாதவர் என்றால், அவர் சொல்லச் சொல்ல அவர் பதிலை நானே டைப் செய்கிறேன்.