முக்லிஃப் வாங்கிய இரும்புக் குவியல்

எங்கள் அப்பா முக்லிஃபுக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் ஆசை வந்தது. பாலைவனத்தில் ஒரு தடவையாவது சாய்ந்து உட்கார வேண்டும்.

சிரிக்காதீர்கள். குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் அரபு ஊரான ஹாயில் வியாழக்கிழமை மதியத்தோடு காலியாகிவிடும். கூடாரம், விறகு, ஆடு, அரிசி மூட்டை, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நஃபூத் பாலைவன மணலுக்குள் போய்க் கிடப்பார்கள். மணலில் ஓடும் வண்டி வைத்திருப்பவருக்கு அங்கே தனி நெருப்பு. நெருப்புப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு, திண்டில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிடலாம். வண்டி இல்லாதவன் அடுத்தவன் நெருப்பில் காபிக் கெண்டி தூக்குவான். அப்பாவிடம் இருந்தது ஒரு சின்னக் கார். தார்ச்சாலை முடிகிற இடத்தில் அதன் வீரமும் முடிந்துவிடும். போதாததற்கு நாலு சகோதரர்களில் அப்பாதான் கடைக்குட்டி. ஆகவே எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கெண்டி அவர் கையில்தான்.

ஆனால் அவர் ஊற்றுகிற அழகு வேறு யாருக்கும் வராது. இடது கையில் கெண்டி, வலது கையில் பிடியில்லாத சின்னக் கோப்பைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஒரு மடக்கு. குடித்துவிட்டு நீட்டினால் இன்னொரு மடக்கு. கோப்பையை ஆட்டிக் காட்டினால் போதும் என்று பொருள். சின்ன வயதில் நான் ஒரு விருந்தாளிக்கு விளிம்பு வரை ஊற்றிக் கொடுக்கப் போனேன். அப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"கழுத! நிறைச்சு ஊத்தினா என்ன அர்த்தம் தெரியுமா? இதக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருன்னு அர்த்தம். ஜென்மப் பகைகாரனுக்குக்கூட அப்படி ஊத்த மாட்டாங்க."

விருந்தாளி சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

அவருக்கு வேலை பெண்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுவது. நானும் அதே பேருந்தில்தான் போய்க்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போகும் வரை. தலைமையாசிரியை நாற்காலியில் பேரீச்சம்பாகு பூசியது யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. அதை விடுங்கள்.

மணலுக்கு நாங்கள் போனது மூத்த பெரியப்பா ஃபாலிஹின் வெள்ளை வண்டியில். முன்னால் பெரியப்பா குடும்பம். பின்னால் முதுகைத் திருப்பிப் போட்ட பெஞ்சில் நாங்களும் விறகும் ஆடும். அம்மா வத்ஹாவின் மடியில் ஒரு பக்கம் தம்பி பந்தர் தலை, இன்னொரு பக்கம் ஆட்டின் தலை. பெரியப்பா கண்ணாடியில் பார்த்துக் கத்துவார்:

"முக்லிஃப்! ஆட்டுக்கு இடம் பத்துதா? இல்லேன்னா உன் ஆளுங்கள்ல யாரையாவது இறக்கி விடு!"

முன்பக்கம் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் முகத்திரைக்குள் ஏதோ முணுமுணுப்பாள். அது பிரார்த்தனை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

என்னால் முணுமுணுத்துவிட்டு விட முடியாது. ஒருமுறை போகும் வழியில், ஜாக்கி வைக்கும் பெட்டியின் தகட்டு மூடியைக் கழற்றி, உள்பக்கம் ஆணியால் இரண்டு சொல் கீறினேன்: குசுக்கார ஃபாலிஹ். எங்கள் ஆட்களில் ஒருவனை வெட்டினாலும் மன்னிப்பான், இதைச் சொன்னால் மன்னிக்க மாட்டான். மூடியை மாட்டிவிட்டேன். மணலுக்குப் போய்ச் சேரும் வரை எனக்கு மட்டும் அந்தப் பயணம் இனித்தது.

இரண்டு வருஷம் முன்பு பெரியப்பா விடலைப் பையன்களுக்கு வித்தை காட்டுகிறேன் என்று அந்த வண்டியை மணல்மேட்டின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டி மட்டும் பிழிந்த துணி மாதிரிக் கிடந்தது. "எவனோ பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். அடுத்த மாதம் புது வண்டி வந்தது. அதில் பின்பெஞ்சு இல்லை. "இடமில்லப்பா. நீ மட்டும் வா. கெண்டிக்கு ஆள் வேணுமே." அப்பா தனியாகப் போனார். நாங்கள் வீட்டிலிருந்தோம்.

அந்தக் குளிர்காலம் முடிந்ததிலிருந்து அப்பா விடியுமுன் எழுந்து, தூரத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போகிற டீச்சர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பிறகு பேருந்தை எடுப்பார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். எதற்கு என்று வாகன ஏலத்துக்குக் கிளம்பிய அன்றுதான் சொன்னார்.

"நம்ம வண்டியில நாம போவோம். அம்மா முன்னாடி உக்காருவா."

பெரிய சாமான் வாங்கும்போது அண்ணனைக் கூட்டிப் போகாமல் போனால் மரியாதை இல்லை. பெரியப்பாவும் வந்தார், நானும் ஒட்டிக்கொண்டேன். வரிசையில் நடுவாக நின்றது அந்த வண்டி. மணல் நிறத்தில் புதுப் பெயின்ட். தரையிலிருந்து தூக்கிக் கட்டி அகலச் சக்கரம் போட்டிருந்தார்கள். கூரையில் இழுத்தால் விரிகிற கூடாரம், பக்கவாட்டில் குழாயோடு தண்ணீர்த் தொட்டி. பின்கதவைத் திறந்தால் இழுப்பறை இழுப்பறையாக ஒரு முழு அடுப்படி. அப்பா ஓர் இழுப்பறையை இழுத்தார், மூடினார், திரும்ப இழுத்தார். பொம்மைக் கடையில் பந்தர் நிற்பது போலவே இருந்தது.

பத்திரத்தில் யாரோ ஒரு பட்டறைக்காரன் பெயர். அப்பா அடியில் பார்க்கக் குனிந்தார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"டேய், மானத்த வாங்காத. குனிஞ்சு பாக்குறவன் வாங்க மாட்டான்னு எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் பாத்துட்டேன். அடிச்சட்டம், சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கு."

"நிஜமாவாண்ணே?"

"உன் அண்ணன் கண்ணுக்குத் தெரியாத வண்டியா? விட்டுறாத."

ஏலக்காரன் ஒலிபெருக்கியோடு பானட்டில் ஏறி நின்று, எல்லா வண்டிக்கும் சொல்வதையே இதற்கும் சொன்னான்: "பாத்துக்கோங்க, இது ஒரு குவியல் இரும்பு! தண்ணியில கரைஞ்ச உப்பு! அப்புறம் எஞ்சின் அப்படி, கியர் இப்படின்னு எவனும் எங்கிட்ட வரக்கூடாது!" அதற்குப் பிறகு கை தூக்கினால் வாங்கியவன் பாடு. கரைந்த உப்பை எடுத்துத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அப்பா கை தூக்கினார். யாரோ ஏற்றினார்கள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையசைத்தார். அப்பா மறுபடியும் தூக்கினார். அப்படியே, டீச்சர்களை ஓட்டிச் சேர்த்த காசு பூராவும் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அம்மா இழுப்பறைகளில் ஏலக்காய், குங்குமப்பூ, பருப்பு என்று டப்பா டப்பாவாக அடுக்கினாள். அப்பா சிவப்புக் கோடு போட்ட ஒரு திண்டு வாங்கி வந்து, யாருக்கும் தெரியாமல் வண்டிப் பக்கத்தில் போட்டுச் சாய்ந்து பார்த்தார். நான் ஜன்னலில் நின்று கைதட்டினேன். செருப்பு பறந்து வந்தது.

வியாழக்கிழமை புறப்பட்டோம். அம்மா முன்னால். சாலையில் வண்டி கழுத்துச் சுளுக்கிய ஒட்டகம் மாதிரி இடது பக்கமாகவே இழுத்தது. அப்பா ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே, "புது ஆளு கை பழகணும்ல" என்றார். அம்மா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். மணல் தொடங்கும் இடத்தில் டயர்களில் காற்றை இறக்கலாம் என்று நிறுத்தினால், ஒரு டயர் தானாகவே இறங்கிக் கிடந்தது. உள்விளிம்பு மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

"நுவைர், ஜாக்கிய எடு!"

நான் பின்னால் ஏறி, இழுப்பறைக்குப் பின்னால் கையை விட்டு மூடியைக் கழற்றினேன். வெளியே மணல் நிறம். திருப்பினேன். உள்ளே வெள்ளை. வெள்ளையில் ஆணிக் கீறல்.

குசுக்கார ஃபாலிஹ்.

வேறு எவளாவது எழுதியிருக்கலாம், பெரியப்பாவுக்கு ரசிகர்கள் குறைவா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அரபியில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து தப்பு. வாய்க்கு ஒரே ஓசை, பேனாவுக்கு இரண்டு எழுத்து. ஒன்றுக்குப் புள்ளி மட்டும், மற்றதற்குப் புள்ளியோடு ஒரு கம்பு. எதற்குக் கம்பு என்பதில் டீச்சர் என்னை அடித்தே ஓய்ந்தாள். இதற்குக் கம்பு கூடாது. கம்பு இருந்தது. என் கம்பு.

பெரியப்பாவின் அதே வண்டிக்குச் சீட்டு மாற்றி, பெஞ்சைக் கழற்றி, பெயின்ட் அடித்துவிட்டார்கள். எப்போதும் முதுகு காட்டியே பயணம் செய்த எங்களுக்கு முன்பக்கம் எப்படி இருந்தது என்று எங்கே தெரியும்?

ஜாக்கியை மட்டும் கொடுத்தேன். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அப்பா அப்போது ஏதோ ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். அவர் அடியில் படுத்து ஜாக்கி வைக்கும்போது விசில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். சேஸிஸில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வெல்டிங், குறுக்கே. அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அப்பா அதன் மேல் விரலை ஓட்டினார்.

"என்னப்பா?"

"பழைய வண்டின்னா தழும்பு இருக்கத்தான் செய்யும்" என்றார்.

போய்ச் சேர்ந்ததும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தனியாக எங்கள் நெருப்பு. அப்பா விரிப்பு விரித்து, திண்டு போட்டு, காபி காய்ச்சிவிட்டு எழுந்து நின்று கூப்பிட்டார். "வாங்கண்ணே, வாங்க!" மூன்று பெரியப்பாக்களும் வந்தார்கள். ஃபாலிஹ் பெரியப்பா வந்த வேகத்தில் அந்தச் சிவப்புக் கோட்டுத் திண்டில் சாய்ந்துவிட்டார். அப்பா கெண்டியை எடுத்தார்.

"பாத்தியா, வண்டி வந்தாலும் கெண்டி உன்ன விடல!" என்றார் பெரியப்பா. மற்றவர்கள் சிரித்தார்கள். "எப்படி இருக்குது வண்டி? நான் சொன்னேன்ல, கல்லு மாதிரின்னு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போய் அந்த மூடியைக் கொண்டு வந்து, பேரீச்சம்பழத் தட்டு வைப்பது போல அவர் முன்னால் குனிந்து வைத்தேன்.

"பெரியப்பா, எங்க வண்டியில உங்க பேரு இருக்குது. படிங்க."

படித்தார். முகம் கறுத்தது. "எந்த நாய் எழுதினது இது? எழுத்துகூடத் தெரியல!"

"நான்தான். உங்க வெள்ளை வண்டியில. நாங்க ஆட்டோட உக்காந்து வந்தப்போ."

நடுப் பெரியப்பா குச்சியை எடுத்து நெருப்பைக் கிளறினார். ஒன்றும் தெரியாதவர் கிளறுகிற மாதிரி இல்லை அது.

அப்பா மூடியைக் கையில் எடுத்துத் திருப்பி, வெள்ளையைப் பார்த்தார். மணல் நிறத்தைப் பார்த்தார்.

"இரும்புக்குப் போயிருச்சுன்னு சொன்னியேண்ணே."

"இரும்புன்னுதானே ஏலத்துலயும் சொன்னான்?" பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். "பட்டறைக்காரனும் நானும் கூட்டு. அம்புட்டு சாமான் போட்டிருக்கேன், கூடாரம், அடுப்படி. கரைஞ்ச உப்புன்னு காதால கேட்டுத்தானே வாங்கின?"

"ஏலக்காரன் சொன்னதக் கேட்டேன். பக்கத்துல நின்னு நீ சொன்னதையும் கேட்டேன்."

"வியாபாரத்துல அண்ணன் தம்பி ஏதுடா?"

"சேஸிஸ் விரிசல் விட்டிருக்கு. என் பிள்ளைங்க ஏறும்னு தெரியும்ல?"

பெரியப்பா தோளைக் குலுக்கினார். "அதனால என்ன? நீதான் எப்பவும் மெதுவா ஓட்டுவியே."

அம்மா பின்னாலிருந்து எழுந்தாள். அப்பா கையைக் காட்டினார், உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அப்பா பெரியப்பாவின் கோப்பையை வாங்கினார். ஊற்றினார். ஒரு மடக்கு ஆனது, கெண்டி நிமிரவில்லை. பாதி ஆனது. விளிம்பு வரை வந்தது. விரல்மேல் வழிந்தது. அந்தச் சூட்டிலும் கோப்பையை விடவில்லை. அப்படியே நீட்டினார்.

"குடிண்ணே."

பெரியப்பா கோப்பையைப் பார்த்தார். தம்பிகளைப் பார்த்தார். தம்பிகள் மணலைப் பார்த்தார்கள். கோப்பையைத் தொடாமல் எழுந்து செருப்பைத் தேடினார். மற்ற இருவரும் எழுந்தார்கள். அப்பாவோடு இருக்க அல்ல, அவரோடு போக. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து நெருப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் நெருப்புக்கு அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை. அம்மா பொங்கிய சோறு மிஞ்சியது.

மறுநாள் திரும்பினோம். மெதுவாகத்தான் ஓட்டினார். ஆட்டுக்குட்டி நடந்தால்கூட எங்களை முந்தியிருக்கும். அம்மா பந்தரை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

"பந்தரோட அப்பா, அதே ஏலத்துல தள்ளி விட்டுருங்க. அதே வார்த்தைய அவன் கத்துவான், எவனும் கேக்கப்போறதில்ல" என்றாள் வீடு வந்ததும்.

"எவன் வாங்கினாலும் அவன் பிள்ளைங்கதானே ஏறும்" என்றார் அப்பா.

அதனால் வண்டி முற்றத்தில் நிற்கிறது. ஒழுங்காகச் சரிபண்ணப் பட்டறையில் கேட்ட காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். வியாழக்கிழமைகளில் பெரியப்பாக்களின் வண்டிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஹார்னை இரண்டு தடவை கூடுதலாக அடிப்பார்கள். ஒருமுறை ஃபாலிஹ் பெரியப்பா ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினார்: "கோவம் தணிஞ்சா வரச் சொல்லு. கெண்டி தனியா கெடக்குது." அப்பா போகவில்லை. நடுப் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

ஆனால் வியாழன் மாலை ஆனால் நாங்கள் வண்டிப் பக்கத்தில் விரிப்புப் போட்டுக்கொள்கிறோம். அம்மா அந்த இழுப்பறை அடுப்படியில்தான் சமைப்பாள், பத்தடி தள்ளி நிஜ அடுப்படி இருக்கும்போதே. போன வாரம் தண்ணீர்க் குழாயை முடுக்க ஸ்பானர் தேடிப் பின்னால் ஏறினேன். ஜாக்கிப் பெட்டி மூடியைக் கழற்றினேன். என் கீறல் அப்படியே இருந்தது. அதன் மேல் புதிதாக இன்னொரு கீறல்: முதல் எழுத்தின் கம்பை மட்டும் யாரோ குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். எழுத்து இப்போது சரி.

மூடியை மாட்டிவிட்டு வந்தேன். அப்பா சிவப்புக் கோட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு, எதையோ பார்ப்பது போல ஆகாயத்தைப் பார்த்தபடி கோப்பையை நீட்டினார். நான் அடியில் ஒரு மடக்கு ஊற்றினேன்.